பேதியும் வாந்தியும் வந்தால்: உடம்பின் நீரையும் உப்பையும் வீட்டில் கவனிப்பது எப்படி?

வயிற்றுப்போக்கு என்று சொன்னதுமே எல்லோரும் சொல்லும் அறிவுரை, "தண்ணி நிறையக் குடி." அது பாதிதான் சரி. பேதியிலும் வாந்தியிலும் வெளியே போவது உப்புக் கலந்த நீர். அதற்குப் பதிலாக வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். பயந்துபோய் உப்பை அள்ளிப் போட்டாலும் ஆபத்து. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்ற அளவில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அந்த அளவைச் சரியாகப் பிடிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. ஒரு லிட்டர் பாட்டிலும் ஒரு நோட்டும் போதும்.

முதல் குழந்தையை வளர்ப்பவர்கள், வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்கள், விடுதியில் தனியாகத் தங்கியிருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், "ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர்" என்று டாக்டர் அளவு கட்டிக் கொடுத்தவர்கள் ஆகியோருக்கு கீழே வரும் அளவுகள் பொருந்தாது. அவர்கள் தங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. எடையில் 60 சதவீதம். பெண்களுக்கு அது 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பிறந்த குழந்தைக்கு 75 சதவீதம் வரை. அந்த 42 லிட்டரில் 28 லிட்டர் செல்களுக்கு உள்ளே, 14 லிட்டர் வெளியே. வெளியே இருப்பதிலும் ரத்தக் குழாய்க்குள் பிளாஸ்மாவாக, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியாக, ஓடுவது மூன்றரை லிட்டர்தான். அந்த மூன்றரையில் கை வைக்கும் எந்த இழப்பும் நாடித்துடிப்பிலும் ரத்த அழுத்தத்திலும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

செல்லுக்கு வெளியே இருக்கும் முக்கிய உப்பு சோடியம், உள்ளே பொட்டாசியம். ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இருக்கும் பம்ப், 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, ராப்பகலாக. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள்: சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (உப்பின் அளவைச் சொல்லும் அலகு), பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை. எவ்வளவு குறுகிய வரம்பு பாருங்கள். பொட்டாசியம் இதில் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சோடியம் தடாலென்று இறங்கினால் முதலில் அடிபடுவது மூளை. தண்ணீரோ உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போகும். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு எல்லாம் அதனால்தான்.

இனி குடலுக்கு வருவோம். சாப்பாட்டிலும் குடிப்பதிலும் ஒரு நாளைக்கு 2 லிட்டர் உள்ளே போகிறது. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே 7 லிட்டர் சேர்க்கிறது. ஆக 9 லிட்டர். ஆனால் மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லிதான். மீதி எல்லாவற்றையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்த உறிஞ்சும் வேலை கெடுவதோ, குடலே அளவுக்கு மேல் சுரப்பதோதான் பேதி. கடுமையான காலராவில் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். தாகம் எடுத்துத் தண்ணீர் குடித்துச் சமாளிக்கும் வேகம் அல்ல அது.

அப்படியானால் ஓ.ஆர்.எஸ்., அதாவது உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்து வாயால் குடிக்கும் கரைசல், எப்படி வேலை செய்கிறது? குடலின் உள்சுவரில் சோடியம் நுழைய ஒரு தனி வழி உண்டு. குளுக்கோஸ் கூட வந்தால் மட்டுமே அது திறக்கும். பேங்க் லாக்கருக்கு அவர்கள் சாவியும் உங்கள் சாவியும் சேர்ந்தே வேண்டுமே, அதே கதைதான். ஒரு குளுக்கோஸ், இரண்டு சோடியம், அவற்றின் பின்னாலேயே தண்ணீர். காலரா நச்சு சோடியம் உள்ளே வரும் மற்றொரு வழியை அடைத்துவிடும், இந்த வழியைத் தொடாது. அதனால்தான் பேதி போய்க்கொண்டிருக்கும்போதே கரைசல் உள்ளே ஏறுகிறது. ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை இருப்பது தெம்புக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது கதவைத் திறக்க. தேவைக்கு மேல் சர்க்கரை போட்டால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு பேதி கூடும்.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் நம் நாட்டு மருத்துவர், திலீப் மஹாலனோபிஸ். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காள எல்லையில் போன்காவ் என்ற ஊரில் அகதிகள் குவிந்தார்கள், காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா மாவு என்று கலந்து, டிரம்களில் நிரப்பி, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஊட்டியவர்கள் நர்சுகள் அல்ல, அம்மாக்களும் அண்ணன்களும். 2022-ல் அவர் காலமானார், மறு வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

படி 1: சரியான பாக்கெட்டை வாங்குவது

மருந்துக்கடையில் "ஓ.ஆர்.எஸ். கொடுங்க" என்று கேட்டால் சில இடங்களில் ஸ்ட்ரா ஒட்டிய பழச்சுவை டெட்ரா பாக்கெட்டை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அந்தப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம், சோடியம் குறைவு. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் இதற்காக வருடக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் லேபிளில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரே வரக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் கவரைத் திருப்பிப் படிக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

பின்பக்கத்தில் இந்த நான்கும் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் கரைசலுக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் 13.5 கிராம். கூட்டினால் 20.5 கிராம். சிறிய பாக்கெட் என்றால் எல்லாமே இதில் ஐந்தில் ஒரு பங்கு, 200 மில்லிக்கானது. வாசனைப் பொருள் சேர்ந்திருந்தால் மொத்த எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. 2002-க்கு முன்பு சோடியம் லிட்டருக்கு 90 மில்லிமோலாக இருந்தது. இப்போது 75, குளுக்கோசும் 75. இப்படிக் குறைத்த பிறகு குழந்தைகளுக்கு வாந்தியும் சலைன் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தன.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசமாகவே கிடைக்கும். விலை உயர்ந்த பாக்கெட்டில் கூடுதலாக எதுவும் கிடையாது, ஆரஞ்சு வாசனையைத் தவிர. குழந்தை அந்த வாசனைக்காகக் குடிக்கிறது என்றால் வாங்குங்கள், அதிலும் தப்பில்லை.

படி 2: கலப்பது

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, மீதியை ரப்பர் பேண்ட் சுற்றி ஃபிரிட்ஜில் வைப்பது பல வீடுகளில் வழக்கம். கண் அளவில் பாதி என்று போட்டது பாதியாக இருக்காது, அப்படியே இருந்தாலும் ஒரு டம்ளர் அரை லிட்டர் ஆகாது. கரைசல் கெட்டியாகிவிட்டால் சோடியம் ஏறும். கைக்குழந்தைக்கு அது மூளை வரை பாதிக்கும். ரொம்ப நீர்த்துப்போனால் கொடுத்தும் பயனில்லை. ஆகவே முழு பாக்கெட், முழு லிட்டர். சிறிய பாக்கெட் என்றால் 200 மில்லி.

வீட்டு டம்ளர்களை நம்பவே நம்பாதீர்கள். காபி டம்ளரும் தண்ணி டம்ளரும் ஒன்றாக நிற்கும், ஒன்றில் 120 மில்லி பிடிக்கும், இன்னொன்றில் 250. கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். அதை நிரப்பி, உங்கள் வீட்டு டம்ளரில் ஊற்றி, எத்தனை டம்ளர் வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அந்த டம்ளரே அளவுகோல்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கழுவிய கை, சுத்தமான பாத்திரம். பொடி முழுவதையும் கொட்டி, அடியில் படியாத வரை கலக்குங்கள். கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. பால், ஜூஸ், சோடா எதிலும் கலக்கக் கூடாது. மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைப் போன்ற மெல்லிய உப்புச் சுவை இருக்க வேண்டும். அதைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். மூடி வைத்தால் 24 மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் மீந்ததைக் கொட்டிவிடலாம்.

ராத்திரி நேரம், கடை இல்லை, பாக்கெட் இல்லை என்றால்? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் மூடியில் 5 மில்லி கோடு இருக்கும், அதுதான் ஒரு டீஸ்பூன். சாம்பார் கரண்டியை எடுத்துவிடாதீர்கள். இதில் பொட்டாசியம் கிடையாது, அதனால் விடியும் வரை சமாளிக்கத்தான் இது.

படி 3: கொடுப்பது

பேதி மட்டும் போகிறது, குழந்தை விளையாடுகிறது, கண்ணில் களை இருக்கிறது என்றால், நீரிழப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒவ்வொரு தடவை நீராகப் போன பிறகும் 2 வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது என்றால் 100 முதல் 200 மில்லி, அதற்கு மேல் கேட்கிற அளவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தக் கூடாது, இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும். 2 மாதத்துக்கும் குறைவான குழந்தை என்றால் வீட்டில் எதையும் முயற்சி செய்து பார்க்காமல் நேரே மருத்துவரிடம்.

நீரிழப்பு கொஞ்சம் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றால் கணக்கு மாறும். எடை ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மில்லி, 4 மணி நேரத்துக்குள். இதைச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, அவர்கள் பார்வையில் கொடுப்பது நல்லது. 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. கேட்டதும் மலைப்பாக இருக்கும். 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 3 மில்லி, அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன். ஃபீடிங் பாட்டில் வேண்டாம், கழுவுவது கஷ்டம், கிருமி தங்கும். நம் வீட்டுப் பாலாடையும் டீஸ்பூனும்தான் இதற்குச் சரியானவை. மடியில் தலையைச் சற்று உயர்த்தி வைத்து, கன்னத்தின் உட்புறமாக விட்டால் புரையேறாது.

தாகத்தில் இருக்கும் குழந்தை டம்ளரைப் பார்த்தால் பிடுங்கி மடமடவென்று குடிக்கும், ஐந்து நிமிடத்தில் மொத்தமாக வாந்தி எடுக்கும். "ஓ.ஆர்.எஸ். சேரல, குடிச்சா வாந்திதான் வருது" என்ற புகார் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஆரம்பியுங்கள், இந்தத் தடவை 2, 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். பத்து மில்லி உள்ளே தங்கினாலும் லாபம்தான்.

பெரியவர்களுக்கும் இதே விதி. விடுதியில் தனியாகப் படுத்திருப்பவர்கள் கரைத்த லிட்டர் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்து, ஒவ்வொரு தடவை பாத்ரூம் போய் வந்ததும் ஒரு டம்ளர் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் "இதில் குளுக்கோஸ் இருக்கே" என்று தயங்குகிறார்கள். லிட்டருக்கு 13.5 கிராம்தான், அதே அளவு கோலாவில் 100 கிராமுக்கு மேல். பேதி நேரத்தில் அவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு, அவற்றை வழக்கம்போல் போடலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும். உடம்பு காய்ந்திருக்கும் நேரத்தில் அவற்றில் சில சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

படி 4: நோட்டில் எழுதுவது

ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் காலில் ஒரு தாள் தொங்கும், உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று. வீட்டிலும் அது வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

காலை 7.10, பேதி, தண்ணியாக, நிறைய. 7.20 முதல் 7.45 வரை ஓ.ஆர்.எஸ். 60 மில்லி. 8.00 வாந்தி, கொஞ்சம். 8.40 தாய்ப்பால். 9.15 மூத்திரம், மஞ்சள், கொஞ்சம்.

டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை தடவை போச்சு? கடைசியா எப்ப மூத்திரம் போனான்?" என்பதுதான். இரவெல்லாம் விழித்த களைப்பில் யாருக்கும் அது நினைவிருக்காது. வீட்டில் ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொள்ளும்போது பாட்டி கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது, அதற்கும் இந்த நோட்டு. எடை பார்க்கும் மிஷின் இருந்தால் காலையும் மாலையும் எடையை எழுதுங்கள். ஒரே நாளில் குறையும் எடை கொழுப்பு அல்ல, தண்ணீர்தான். அரை கிலோ இறங்கினால் அரை லிட்டர் பாக்கி. 10 கிலோ குழந்தைக்கு அது 5 சதவீதம். 10 சதவீதத்தைத் தொட்டால் கடுமையான நீரிழப்பு.

சிறுநீரின் நிறம் நல்ல அடையாளம், ஒரு விதிவிலக்குடன்: பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டிருந்தால் என்ன குடித்தாலும் மஞ்சளாகத்தான் வரும். நிறத்தைவிட நேரத்தைப் பாருங்கள். குழந்தை 6 மணி நேரத்துக்கு மேல் நனைக்கவே இல்லை என்றால் கிளம்ப வேண்டிய நேரம்.

படி 5: ஆபத்தை அடையாளம் காண்பது

குழந்தை நச்சரித்து அழுதுகொண்டே இருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, டம்ளரைக் கண்டால் ஆவலாகப் பாய்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது. இவற்றில் இரண்டு இருந்தாலே நீரிழப்பு ஆரம்பித்துவிட்டது. தோலைக் கிள்ளும் இடம் தொப்புளுக்கும் வயிற்றின் பக்கவாட்டு ஓரத்துக்கும் நடுவே, நகம் படாமல் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, உடம்பின் நீளவாக்கில் மடிப்பு வரும்படி ஒரு நொடி பிடித்து விட வேண்டும். மடிப்பு 2 நொடிக்கு மேல் அப்படியே நின்றால் அது கடுமையான நிலை. நன்றாகக் கொழுத்த குழந்தையிடம் இது சரியாகத் தெரியாது, மெலிந்த குழந்தையிடம் நீரிழப்பு இல்லாமலே மடிப்பு நிற்கும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ஆவலாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை குடிப்பதை நிறுத்திவிட்டுத் துவண்டு கிடந்தால் "தூங்கறான், விடு" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அழுதுகொண்டிருந்த குழந்தையைவிட இந்தக் குழந்தைக்குத்தான் அவசரம். எழுப்பினால் எழாதது, குடிக்க முடியாதது, கை கால் சில்லிடுவது, மலத்தில் ரத்தம், குடிப்பதெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விழுங்க முடிகிறது என்றால் போகும் வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள்.

கைக்குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாவதும் நீரிழப்பின் அடையாளமே. நம் ஊர்களில் அதைப் பார்த்ததும் குழி விழுந்துவிட்டது என்று நாட்டு வைத்தியத்துக்குக் கொண்டுபோவார்கள், வாந்தி பேதி என்றால் தொக்கம் எடுக்கக் கொண்டுபோவார்கள். பாட்டிமார்களின் கண் தப்பாகப் பார்க்கவில்லை, குழி விழுந்தது நிஜம்தான். வைத்தியம்தான் தப்பு, அதைவிட மோசம் அதில் போகும் 2 மணி நேரம். பல் முளைக்கிறதால் பேதி என்று விட்டுவிடுவதும் இதே ரகம்.

பாட்டில் ஏற்றுவது பற்றி

"ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க டாக்டர், தெம்பு வரும்" என்று நாமே கேட்கிறோம். 500 மில்லி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. உப்பு ஒரு துளி இல்லை. பேதியில் சோடியத்தை இழந்தவருக்கு அதை மட்டும் ஏற்றுவது வெறும் தண்ணீரை ஏற்றுவதற்குச் சமம். கடுமையான நீரிழப்பில் மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல், அதில் சோடியமும் பொட்டாசியமும் உண்டு. வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். போதும் என்று டாக்டர் திருப்பி அனுப்பினால், அவர் அலட்சியம் காட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். ஊசி வலியும் செலவும் மிச்சம்.

வீட்டில் இருக்கும் மற்றவை

உப்புப் போட்ட கஞ்சி, உப்புப் போட்ட மோர், பருப்புத் தண்ணீர் எல்லாம் நல்லவை. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுக்கோஸாக உடைவதால் அதுவும் அந்தக் கதவைத் திறக்கிறது. இளநீரைப் பற்றி நமக்குக் கொஞ்சம் பெருமை ஜாஸ்தி. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, பேதிக்கு வேண்டிய விகிதம் கிட்டத்தட்ட தலைகீழ். ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் கொடுக்கலாம், அதற்குப் பதிலாக வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அந்தப் பொட்டாசியமே எமன். அவர்களைப் பார்க்கப் போகும்போது இளநீர் வாங்கிப் போகாதீர்கள்.

கோலா, சோடா, பெட்டி ஜூஸ், குளுக்கோஸ் பவுடர் கரைத்த தண்ணீர், ஒன்றும் வேண்டாம். விளையாட்டு வீரர்களுக்கான பானங்களில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோல் அளவில்தான் இருக்கும். ஓடிக் களைத்தவனுக்கு அது சரி, பேதிக்குப் போதாது.

வயதானவர்களும் "சோடியம் இறங்கியதும்"

வீட்டுப் பெரியவர்களுக்கு வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். உடம்பு காய்ந்திருக்கும், "எனக்குத் தாகமே இல்லப்பா" என்பார்கள். சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறைந்திருக்கும். கூடவே ரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை. மே மாதக் கத்திரி வெயிலில் இவை எல்லாம் ஒன்றுசேரும். கேட்டுக் கொடுக்காமல் நேரம் வைத்துக் கொடுங்கள்: எழுந்ததும், 11 மணிக்கு மோர், சாப்பாட்டோடு ரசம், 4 மணிக்கு ஏதாவது. இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து குடிக்காமல் இருப்பவர்களுக்கு மாலை 6 மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பேரனின் பெயரை மாற்றிச் சொல்கிறார், நடக்கும்போது தள்ளாடுகிறார், சாப்பிட மறுக்கிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விடாமல் அன்றே சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்யுங்கள். "சோடியம் இறங்கிடுச்சு" என்று ஒரு முறை ஆஸ்பத்திரியில் கேட்டவர்கள், அடுத்த தடவை வீட்டிலேயே ஸ்பூன் ஸ்பூனாக உப்பை விழுங்க வைக்கிறார்கள். அது தப்பு. சோடியம் குறைவது பல நேரங்களில் உப்பு போனதால் அல்ல, தண்ணீர் உடம்பில் தேங்கியதால். அப்போது வைத்தியம் தண்ணீரைக் குறைப்பது. ஆஸ்பத்திரியிலும்கூட நாள்பட்டு இறங்கிய சோடியத்தைச் சட்டென்று ஏற்ற மாட்டார்கள். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறையே சிதையும். "ரெண்டு நாளாகியும் நார்மல் ஆகலையே" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

வெயிலில் உடலுழைப்பு செய்பவர்களுக்கு வியர்வையில் உப்பு போகிறது. கட்டட வேலை, வயல் வேலை செய்பவர்கள் தண்ணீரோடு உப்பு மோரோ, நீராகாரமோ, உப்புக் கஞ்சியோ சேர்த்துக்கொண்டால் போதும். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தினமும் ஓ.ஆர்.எஸ். தேவையில்லை, ரத்த அழுத்தம் இருப்பவருக்கு அது கெடுதலும்கூட.

பேதி நிற்கும்போதும் நின்ற பிறகும்

ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. இது தெரியாமல் "ரெண்டு பாக்கெட் கொடுத்தும் நிக்கல" என்று விட்டுவிடுகிறார்கள். அது போன நீரை ஈடுகட்டும், பேதி தானாக நிற்கும் வரை உயிரைக் காக்கும். சாதாரண வைரஸ் பேதி சில நாட்களில் அடங்கும். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் எழுதாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஜிங்க் (துத்தநாக) மாத்திரையும் சேர்த்தே வாங்குங்கள். 6 மாதத்துக்கு மேல் தினமும் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை அதில் பாதி. ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ போட்டால் கரைந்துவிடும். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். பேதியின் நாட்களைக் குறைப்பதோடு, அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மறுபடி வராமல் இருக்கவும் அது உதவுகிறது. குழந்தை பிறந்த வீட்டில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை 6, 10, 14-ஆவது வாரங்களில் தவறவிடாதீர்கள். அரசு நிலையங்களில் இலவசம். இந்தியாவில் உருவான ரோட்டா தடுப்பு மருந்தின் பரிசோதனை நடந்த இடங்களில் வேலூரும் ஒன்று.

வயிற்றுக்கு ஓய்வு என்று சொல்லிப் பட்டினி போடாதீர்கள். குழைந்த சாதம், தயிர், இட்லி, வாழைப்பழம், கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேர்த்து அடிக்கடி கொடுங்கள். பேதி நின்றபின் 2 வாரத்துக்கு, வழக்கமான வேளைகளோடு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இறங்கிய எடை ஏறிவிடும். அலமாரியில் ஒரு லிட்டர் பாக்கெட் இரண்டு, ஜிங்க் அட்டை ஒன்று, அந்த அளவு பாட்டில், ஒரு பேனா. பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பொடி கட்டிதட்டிப் பழுப்பேறி இருந்தால் தேதி மீதமிருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.